குறை பிள்ளையிடம் இல்லை, கம்பியில்!



“தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இணையமெல்லாம் எட்டாது.” “தமிழுக்கும் கணினிக்கும் ஒத்துவராது.” தொலைபேசிவழி இணையம் இருந்த காலத்தில் செமினி வட்டாரத்தில் நான் அடிக்கடி கேட்ட பேச்சுகள் இவை. பேசியவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர் என்பதுதான் வேதனை! இரண்டுமே தவறு.

1996இல் டிஎம்நெட் வந்தபின், 1515 என்ற எண்ணை அழைத்து வீட்டிலிருந்தே இணையத்துள் நுழைய முடிந்தது. 1998இல் வந்த வி.90 தரத்து மோடம் நொடிக்கு 56 கிலோபிட் வரை தரவிறக்கும் என்றார்கள். ஆனால், அந்தச் செப்புக் கம்பி மனிதப் பேச்சுக்காகப் போடப்பட்டது. அதில் இரைச்சல் புகுந்தால் மோடம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 56 என்பது 28 ஆகும், 14 ஆகும், இறுதியில் இணைப்பே அறுந்துபோகும். தொலைபேசி நிலையத்திலிருந்து தள்ளிப்போகப் போகக் கம்பியின் நீளம் கூடும், மூட்டுகள் கூடும், மழைநீர் புகும் இடங்களும் கூடும். தோட்டத்து வீடுகள் பட்டணத்திலிருந்து தள்ளியிருந்தது பிள்ளைகளின் குற்றமா?

திரையில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், அதையும் இணைப்பின்மேலோ தமிழின்மேலோ போட்டார்கள். மோடத்தில் வி.42 என்னும் பிழைதிருத்த முறை இருந்தது. இரைச்சலில் சிதைந்த பகுதியை அது மீண்டும் கேட்டு வாங்கும். எனவே, இரைச்சல் பக்கத்தைத் தாமதப்படுத்தும், எழுத்தை மாற்றாது. எழுத்து மாறியதற்குக் காரணம், ஒருவர் திஸ்கியில் எழுதியதை இன்னொருவர் வேறு குறியாக்கத்தில் திறந்ததுதான். 2001இல் தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூரில் நடந்தது. ஒத்துவராத மொழிக்கா மாநாடு?

பழுதைத் தேடாமல் பழியைத் தேடினோம். தேடும் வழியோ மிக எளிது:

1. வீட்டில் உள்ள மற்றத் தொலைபேசிகள், தொலைநகல் கருவி அனைத்தையும் கழற்ற வேண்டும்.

2. கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் இணைப்பிடத்தில் ஒரு சாதாரணத் தொலைபேசியைச் செருகி, ஓர் எண்ணை மட்டும் அழுத்திவிட்டுக் காதுகொடுக்க வேண்டும். அமைதி இருந்தால் கம்பி நலம். ‘ம்ம்ம்’ என்ற முனகல் கேட்டால், பெரும்பாலும் மின்கம்பியின் தாக்கம். ‘கரகர’ ஒலி கேட்டால், தளர்ந்த அல்லது துருவேறிய மூட்டு. மழைக்குப்பின் அது கூடினால், வெளி மூட்டில் ஈரம்.

3. முதல் இணைப்பிடத்திலேயே இரைச்சல் இருந்தால் பழுது நிறுவனத்தின் பக்கம். அங்கே அமைதி, உள்ளே இரைச்சல் என்றால் பழுது நம் வீட்டில்.

4. முறையிடும்போது “இணையம் மெதுவாக உள்ளது” என்றால் மோடத்தைக் குறைசொல்லி அனுப்பிவிடுவார்கள். “பேசும்போதே இரைச்சல் கேட்கிறது” என்று நாள், நேரம், மழை விவரத்தோடு எழுதித் தரவேண்டும்.

“அந்தக் காலம் போய்விட்டது, ஆசிரியரே! இப்போது எதற்கு இந்தக் கதை?” என்று கேட்பீர்கள். மோடம் போய்விட்டது, பழிபோடும் பழக்கம் போகவில்லை! 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது என்ன சொன்னோம்? “இந்த மாணவன் வகுப்புக்கே வருவதில்லை, அக்கறை இல்லாத குடும்பம்.” அலைவரிசை எத்தனை கோடு காட்டியது, ஒரே கைப்பேசியை எத்தனை பிள்ளைகள் பகிர்ந்தார்கள் என்று கேட்டுவிட்டா அப்படிச் சொன்னோம்? அதே ஆண்டு, சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வெழுத அலைவரிசை தேடி மரத்தின்மேல் இரவைக் கழித்தாரே! அவருக்கா அக்கறை இல்லை?

நம் செமினியில் 2005 முதல் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகம் இயங்குகிறது. உலகெங்குமிருந்து மாணவர்கள் வருகிறார்கள். ஆகவே, “நம் ஊர் இப்படித்தான்” என்னும் சமாதானம் இனிச் செல்லாது.

பெற்றோர்களே, இணைப்பு அறுந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, அக்குறிப்புகளைத் திரட்டி நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையேல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடுங்கள். ஆசிரியர்களே, வராத மாணவனின் பெயருக்கு நேரே ‘அக்கறையின்மை’ என்று எழுதுமுன், அவன் வீட்டு இணைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒரு கேள்விதானே! கேட்போமா?