நம்புகின்றவன் ஏமாளியா?

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் 1999 முதல் மக்கள் கருத்தைக் கேட்டுத் தொகுத்துவரும் ஆப்ரோபாரோமீட்டர் என்னும் ஆய்வமைப்பு, தன் தொடக்கக் காலக் கணிப்புகளில் வியப்பான ஒன்றைக் கண்டது. இன்றைய வாழ்வு இடர் மிக்கது என்று முறையிட்ட மக்களே, நாளை நிலைமை திருந்தும் என்றும் சொன்னார்கள். தம்மை ஆள்வோரை நம்புவதாகவும் பலர் சொன்னார்கள். இச்செய்தியைக் கேட்ட படித்த அன்பர் ஒருவர், "ஏமாளிக் கூட்டம்!" என்று நகைத்தார். நகைத்தவர் வாழ்வது நம் சின்னக் காஞ்சியில், தறியோசை ஓயாத தெருவில்! தம் அண்டை வீட்டானையே ஏசுகின்றோம் என்பதை அவர் அறிந்திலர்.

'நம்பு' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலில் கூறும் பொருள் நசை, அஃதாவது விருப்பம். ஏழையின் நம்பிக்கையில் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. இவ்வாட்சி நல்லாட்சியாக இருக்கவேண்டுமே என்று அவன் விரும்புகிறான்; அவனுக்கு வேறு புகல் இல்லை. செல்வனோ அரசு கைவிட்டால் அயல்நாடு செல்வான். இவ்வேக்கத்தை எடுத்துக்கொண்டு, "மக்கள் எம்மை மெச்சுகின்றனர்" என்று மேடையில் முழங்குகின்றார்களே ஆளவந்தார், நகைக்கவேண்டுமாயின் அவர்களைப் பார்த்து நகையுங்கள்!

முப்பதாண்டுகளுக்கு முன் யான் பள்ளியிற் பணியேற்ற காலம். கோர்வைச் சேலை நெய்யத் தறியில் மற்றொரு கை வேண்டும். என் வகுப்பில் எழுதவேண்டிய சிறுவன் ஒருவனின் கையே அவன் தந்தைக்கு அம்மற்றொரு கை. பையனைப் பள்ளிக்கு அனுப்புமாறு கேட்கச் சென்றேன். "பொங்கலுக்குள்ள கூலி ஏத்திக் குடுத்திடுவாங்க ஐயா, அப்புறம் அனுப்பறேன்" என்றார் தந்தை. அப்பொங்கலும் வந்தது, அடுத்த பொங்கலும் வந்தது.

அவர் ஏமாளியா? 1953இல் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாய் விற்ற அறிஞர் அண்ணா பிறந்த மண் இது. அதே அண்ணாவை 1962 தேர்தலில் தோற்கடித்ததும் இதே காஞ்சிதான். தந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறவும் இம்மக்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்கரும் அத்தகையரே. 1957 மார்ச்சு 6இல் விடுதலை பெற்ற கானா நாட்டினர் என்க்ருமாவை எத்துணை நம்பினர்! 1966இல் படையினர் அவரைக் கவிழ்த்தபோது தெருவில் ஆடிக் களித்தவரும் அந்நாட்டினரே. (கெண்டே என்னும் பன்னிறத் துணியைக் கையால் நெய்யும் மரபினரும் அவர்களுள் உளர், நமக்கு அவர்கள் முற்றும் அயலார் அல்லர்.)

இந்நம்பிக்கைக்கு ஈடாக ஆள்வோர் தந்தது என்ன? 1985இல் கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்க நடுவணரசு சட்டம் செய்தது; அதன்கீழ் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. எதிர்த்தோர் வழக்காட, உச்ச முறைமன்றம் அச்சட்டத்தை ஏற்பதற்குள் 1993 வந்துவிட்டது. பின்னர் அவ்விருபத்திரண்டும் பதினொன்றாய்ச் சுருங்கின. 2015 ஆகத்து 7இல் தலைமையமைச்சரே சென்னைக்கு வந்து தேசியக் கைத்தறி நாளைத் தொடங்கிவைத்தார். ஐந்தாண்டு கழித்து, 2020இல், அந்நாள் வருவதற்குச் சில நாள் முன்னர் அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தனர். என்னே இவர்கள் கொண்டாடிய விழா! கருநாடகத்துப் பட்டுநூலும் சூரத்துச் சரிகையும் விலையேறிய காலத்தில், 2017 முதல் புதுவரியும் தலைமேல் ஏறிற்று.

மாநில ஆட்சியாளரையும் யான் விடேன். விலையில்லா மின்னாற்றல் தந்தனர்; நன்று. ஆயினும் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெயரால் விசைத்தறிச் சேலையை விற்போர் அஞ்சாமல் விற்கின்றனரே, அவர்களைத் தடுக்க இவர்களுக்குக் கை இல்லையா?

அண்மை ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் ஆள்வோர்மீதுள்ள நம்பிக்கை தேய்ந்து வருவதாக அக்கணிப்புகள் கூறுகின்றன. இங்கே, என் வகுப்பிற்கு வாராத அச்சிறுவனுக்கு இன்று அகவை நாற்பதைக் கடந்துவிட்டது. இன்னும் தறியில்தான் இருக்கிறான். அவன் மகனோ விடியுமுன் ஒரகடத்துத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறான். "வரும் பொங்கலுக்காவது நெசவுக்கூலி ஏறுமா தம்பி?" என்று அவனைக் கேட்டேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா, அப்பாதான் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றான்.