நீக்கும் உரிமை யாருக்கு?

தொட்டியத்தில் வாழைத்தார் விற்ற பணத்தில் வாங்கினாலும் சரி, சென்னையில் மாதச் சம்பளத்தில் வாங்கினாலும் சரி, புது ஸ்மார்ட்போனில் நீங்கள் கேட்காத சில அப்ளிகேஷன்கள் இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் அந்த ஐகானை அழுத்திப் பிடியுங்கள். 'அன்இன்ஸ்டால்' வந்தால் நீக்கி விடலாம். சிலவற்றுக்கு 'டிசேபிள்' மட்டுமே கிடைக்கும். அப்போது அப்ளிகேஷன் இயங்காது. ஆனால் போனை விட்டுப் போகாது. பெயர் புரியாத சிஸ்டம் அப்ளிகேஷன்களைத் தொட வேண்டாம்.

காசு கொடுத்தவருக்கு நீக்க உரிமை இல்லையா? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்பே பதிந்து தரும் தன் அப்ளிகேஷன்களைப் பயனாளர் நீக்குவதைக் கூகுள் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. நமக்குப் பயன்படும் அந்த உத்தரவையோ ரத்து செய்தது.

அரசும் இதில் விதிவிலக்கு இல்லை. தொலைந்த போனை முடக்க உதவும் 'சஞ்சார் சாத்தி'யைப் புதுப் போன்களில் பதிந்தே தர வேண்டும் என்று 2025 நவம்பர் 28-இல் உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-இல் விலக்கிக் கொண்டது. நல்ல அப்ளிகேஷன்தான். ஆனால் வைப்பதும் நீக்குவதும் போனுக்கு உரியவர் முடிவாகவே இருக்க வேண்டும். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேளுங்கள்: "இதில் எதையெல்லாம் நீக்க முடியும்?"