டிரில்லிங் வைஸ்ல மில்லிங் பண்ணாதீங்கய்யா!

வீட்டுல சின்ன மில்லிங் மெஷின் வெச்சிருக்கற நம்மாளுங்க எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடறாங்க. "சைனா மெஷின் சார், மட்டமே வராது." நானும் பாடினவன்தான். 40 மி.மீ அலுமினியத் துண்டை ஆறு பக்கமும் சீவிட்டு மைக்ரோமீட்டர் வெச்சா, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.3 மி.மீ வித்தியாசம். மூணு ஞாயித்துக்கிழமை மெஷினோட தூணைக் கழட்டி, தகடு சொருகி, திரும்ப மாட்டி... கடைசில பாத்தா குத்தவாளி மெஷினே இல்ல. அது மேல உக்காந்திருந்த வைஸ்!

"ரெண்டுக்கும் ஆகும் சார்"னு கடைல தலைல கட்டின டிரில்லிங் வைஸ் அது. டிரில் பிட் ஜாப்பைக் கீழ்நோக்கி அமுக்கும். எண்ட் மில் அப்படியா? பக்கவாட்டுல தள்ளுது, அதோட முறுக்கு ஜாப்பை மேல வேற இழுக்குது. டிரில்லிங் வைஸ்ல நகர்ற தாடை லொடலொடன்னு இருக்கும். ஸ்க்ரூ கீழ இருந்து தள்ளுது, ஜாப் மேல எதிர்த்து நிக்குது. தாடை பின்பக்கமா சாய்ஞ்சு, ஜாப்போட ஒரு பக்கத்தையும் தூக்கிடுது. எவ்வளவு முறுக்கறோமோ அவ்வளவு தூக்கும். இதுல கைப்பிடில பைப்பு மாட்டி முறுக்கற மகராசனுங்க வேற!

சந்தேகமா? ஜாப்புக்கு அடியில ரெண்டு பேரலல் வெச்சு இறுக்குங்க. நைலான் சுத்தியால மேல தட்டுங்க. இப்ப பேரலலை விரலால ஆட்டிப் பாருங்க. தட்டத் தட்ட ஆடுதுன்னா அந்த வைஸ் மில்லிங்குக்கு ஆகாது. அவ்வளவுதான்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "பெருசா வாங்கினா எல்லாத்துக்கும் ஆகும்"னு ஸ்விவல் பேஸோட 5 இன்ச், 6 இன்ச் வாங்கற கோஷ்டி. எக்ஸ்2 மாதிரி மெஷினோட டேபிள் அகலமே சுமார் 90 மி.மீ. ஒய் பக்கம் ஓடறதும் ஏறக்குறைய 100 மி.மீ தான். அதுல இந்த ஆனையை ஏத்தினா பாதி டேபிளுக்கு வெளியில தொங்கும். ஸ்விவல் பேஸ் உயரத்தைத் தின்னும், விறைப்பையும் கெடுக்கும். வருஷத்துக்கு எத்தனை தடவைங்க கோணம் திருப்பப் போறீங்க?

என் கட்சி இதுதான்: ரெண்டரை, மூணு இன்ச்ல கிரைண்ட் பண்ணின ஸ்க்ரூலெஸ் டூல்மேக்கர் வைஸ். அதுல போல்ட் சாய்வா இழுக்கறதால தாடை முன்னாடியும் வரும், கீழயும் அமுங்கும். குர்ட் மாதிரி வைஸ்ல அரைக்கோளம் வெச்சு செய்யறதும் இதே வேலைதான். "ஒவ்வொரு தடவையும் குழி மாத்தணும், நேரமாகுது"ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை ஷெட்டுல உக்காந்திருக்கறவனுக்கு என்னய்யா அவசரம்?

நல்ல வைஸ் வாங்கிட்டும் சொதப்பலாம். டயல் கேஜை நிலையான தாடைல ஓட்டி நேராக்குங்க, நகர்ற தாடைல இல்ல. ரம்பத்துல அறுத்த கரடுமுரடான துண்டுன்னா, நகர்ற தாடைக்கும் ஜாப்புக்கும் நடுவுல ஒரு உருண்டைக் கம்பி வைங்க. அப்பதான் சீவின முகம் நிலையான தாடையோட ஒட்டி உக்காரும். ஜாப்பை ஓரமா பிடிச்சா, மறு ஓரத்துல அதே அளவு துண்டு ஒண்ணு வைக்கணும். இல்லேன்னா தாடை கோணிக்கும்.

என் பழைய வைஸ் இப்ப டிரில்லிங் மெஷின்ல இருக்கு. அங்க அது தங்கமான புள்ள. ஸ்விவல் பேஸுக்காக சண்டைக்கு வர்றவங்க, பேரலலை ஆட்டிப் பாத்துட்டு வாங்க :-)