மஞ்சள் கறுத்தால் கலப்படமா?

சென்ற மாதம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒன்றரை நிமிடம்தான். கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தூளைக் கரைத்து, அதில் டிஞ்சர் அயோடின் நாலு சொட்டு விடுகிறார் ஓர் இளைஞர். தண்ணீர் கரும்பச்சையாகிக் கறுக்கிறது. "பாத்தீங்களா மக்களே, மாவு கலந்து விக்கிறாங்க!" என்கிறார். அடுத்த காட்சியில் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டுகிறார்.

அந்தப் பொட்டலம் யாருடையது என்று எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ஈரோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் ஓர் அம்மாள். சொந்தத் தோட்டத்து மஞ்சளை மில்லில் அரைத்துக் கொண்டு வருபவர். எங்கள் வீட்டுக்கு ஆறு வருடமாக அவர் மஞ்சள்தான். வீடியோ வந்த வாரம் முக்கால் பங்குச் சரக்கு விற்காமல் திரும்பிப் போனார். "ஏனுங்க சார், நீங்க வாத்தியாருங்க. நாங் கலப்படம் பண்ணுவனுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். அதனால் நேராகவே சொல்கிறேன். அந்த வீடியோ தப்பு. கொஞ்சம் தப்பில்லை, முழுத் தப்பு.

மஞ்சள் ஒரு கிழங்கு. உருளை, மரவள்ளி, சேனை மாதிரியே அதற்குள்ளும் மாவுச்சத்து நிறைய உண்டு. செடி தனக்காகச் சேர்த்து வைத்த சாப்பாடு அது. போதாக்குறைக்கு, நம் ஊரில் மஞ்சளை வெட்டியதும் அப்படியே காய வைப்பதில்லை. கொப்பரையில் வேக வைத்து, களத்தில் காயப் போட்டு, பிறகுதான் மெருகு ஏற்றுகிறோம். வேகும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து கூழாகிவிடுகிறது. கூழான மாவுச்சத்துக்குள் அயோடின் சுலபமாகப் புகும். ஆகவே சொக்கத் தங்கம் போன்ற விரலி மஞ்சளை நீங்களே இடித்து, நீங்களே கரைத்து, அயோடின் விட்டுப் பாருங்கள். கறுக்கும். கறுக்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டில் கலப்படம் கண்டுபிடிக்க 'டார்ட்' என்ற கையேடு வெளியிட்டிருக்கிறது. பொடித்த மசாலாக்களுக்கு அயோடின் சோதனையைச் சொல்லிவிட்டு, மஞ்சள் தூளுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே குறிப்பும் போட்டிருக்கிறார்கள். வீடியோ எடுத்த தம்பி சோதனையைப் படித்திருக்கிறார், குறிப்பைப் படிக்கவில்லை.

மிளகிலும் சுக்கிலும்கூட மாவுச்சத்து உண்டு. பெருங்காயத்தின் கதை இன்னும் வேடிக்கை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது, டப்பாவிலும் அச்சடித்திருக்கும். அதில் அயோடினை விட்டுவிட்டு, "கையும் களவுமாகப் பிடித்தேன்" என்று ஒருவர் கூத்தாடுகிறார். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க அயோடின் எதற்கு?

சோதனை மேல் எனக்குக் கோபமில்லை. அழகான சோதனை அது. கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர் 1811-ல் அயோடினைக் கண்டுபிடித்தார். மூன்றே வருடத்தில், 1814-ல், மாவுச்சத்தோடு அது நீலமாவதும் தெரிந்துவிட்டது. மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற பகுதி சுருள் கம்பி போல இருக்கும். அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் வரிசையாக உட்காரும்போது கருநீலம் வருகிறது. சூடாக்கினால் சுருள் தளர்ந்து நீலம் மறையும், ஆறினால் திரும்ப வரும். இதைக் காட்டும்போதெல்லாம் கடைசி பெஞ்சும் எழுந்து நிற்கும். ஒரு பையன் ரெக்கார்டு நோட்டில் ஒரு சொட்டைச் சிந்திவிட்டு, "சார், நோட்டுலயும் கலப்படம்!" என்று கத்தினான். காகிதம் செய்யும்போதும் ஸ்டார்ச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். வகுப்பே சிரித்தது. இன்று அதே கூச்சலுக்கு லைக் விழுகிறது.

பாலில் இந்தச் சோதனை செல்லும். கோவாவிலும் செல்லும். பாலில் இயற்கையாக மாவுச்சத்து கிடையாது. தண்ணீரை ஊற்றிவிட்டு, கெட்டியாகக் காட்ட மாவைக் கரைத்திருந்தால் நீலம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அங்கேயும் நிறம் மாறாவிட்டால் பால் சுத்தம் என்று ஆகாது. யூரியா, சோப்புத் தூள், வெறும் தண்ணீர் எதையும் அயோடின் கண்டுகொள்ளாது. கொதிக்கும் பாலில் விட்டால் ஸ்டார்ச் இருந்தும் நீலம் தெரியாமல் போகலாம்.

மஞ்சள் தூளில் பயப்பட வேண்டிய சங்கதி மாவு அல்ல. லெட் குரோமேட் என்ற ஈயச் சாயமும், மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும்தான் விஷம். மாவு சாப்பிட்டால் காசு நஷ்டம், ஈயம் சாப்பிட்டால் குழந்தையின் மூளைக்கே கேடு. அந்த ஈயத்தின் முன்னால் அயோடின் வாய் திறக்காது. நல்ல மஞ்சள் விற்கிறவரை மாட்டிவிட்டு, சாயம் கலந்தவனைக் கண்டுகொள்ளாமல் விடுகிற சோதனையை வைத்துக்கொண்டு யாரைக் காப்பாற்றுகிறோம்?

"விழிப்புணர்வு சார், நாலு பேர் பயந்தாலே நல்லதுதானே" என்று குழுவில் ஒரு நண்பர் எழுதினார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்கிறேன்: கணக்கு சரிபார்க்காமல் ஒரு காசாளரைத் திருடன் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்களா? கலப்படக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. அவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பச்சை அரிசி மாவின் மணிகள் ஒரு விதம், மக்காச்சோள மாவின் மணிகள் வேறு விதம், வேக வைத்த மஞ்சளில் இருப்பது உருத் தெரியாத கூழ்க்கட்டி. கலந்தது எது, கிழங்கோடு பிறந்தது எது என்று அவரால் சொல்ல முடியும். டம்ளரால் முடியாது.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. செய்முறை நோட்டில் மூன்று கட்டம் போட வைத்தோம்: சோதனை, காண்பன, அறிவன. கருநீலம் தோன்றுகிறது, ஆகவே ஸ்டார்ச் உள்ளது. அதை மனப்பாடம் செய்தால் முழு மார்க். பக்கத்தில் கலப்படமில்லாத ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார் என்று நாங்கள் எத்தனை பேர் சொன்னோம்? பரீட்சைக்கு வராததால் நானே பல வருடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன். "ஸ்டார்ச் உள்ளது" என்பதற்கும் "ஸ்டார்ச் கலந்துள்ளனர்" என்பதற்கும் நடுவில் ஒரு மனுஷியின் பிழைப்பு இருக்கிறது.

அந்தத் தம்பியைத் தேடிப் போய்ப் பேசினேன். மரியாதையான பையன்தான். முழு விரலி மஞ்சளை அவர் கையாலேயே உடைத்து, உடைத்த இடத்தில் ஒரு சொட்டு விடச் சொன்னேன். கறுத்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்கிள், அந்த வீடியோ நாப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க" என்றார். இதையும் வீடியோ எடுத்துப் போடு என்றேன். போடுகிறேன் என்றார். மூன்று வாரம் ஆகிறது.

அந்த அம்மாள் இப்போது தூள் கொண்டு வருவதில்லை. முழு மஞ்சளாகவே கட்டிக் கொண்டு வருகிறார், நாமே மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாமாம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் பக்கம் உட்கார்ந்திருப்பார்.