தீபாவளிச் செவ்வந்திக்கு எப்போது உரம்?



பொத்திப் பொத்தி வளர்த்த செவ்வந்தித் தொட்டியைத் தீபாவளியன்று வாசலிலிருந்து தூக்கி வந்து சாமி படத்தருகே வைக்கிறோம். நான்காம் நாளே இலை பழுத்து, பூ தலை தொங்கிவிடுகிறது. "கண்ணு பட்டுப் போச்சு" என்பார் வீட்டுப் பெரியவர். கண்ணை விடுங்கள், கடைசியாக எப்போது உரம் போட்டீர்கள்?

நானும் இந்தத் தவற்றைச் செய்தவள்தான். மொட்டில் மஞ்சள் எட்டிப் பார்த்ததும், இன்னும் பெரிதாக மலரட்டுமே என்று ஒரு பிடி யூரியாவைத் தூவினேன். இலை கரும்பச்சையாகக் கொழுத்தது. பூவோ விரிந்த வேகத்தில் வாடிற்று. மூன்று மாதப் பாடு! சம்பந்தி வீட்டார் வந்து பார்த்தது துவண்டுபோன தொட்டியைத்தான்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. செம்பனையின் வேர் பல அடி ஓடித் தப்பும். தொட்டிச் செடியின் வேர் எங்கே ஓடும்? மிஞ்சிய உரம் உப்பாகத் தங்கி வேரைச் சுடும். வெயிலில் நிற்கும்வரை செடி ஒருவாறு சமாளிக்கும். வெளிச்சம் குறைந்த வீட்டுக்குள் வந்ததும் அது உண்பதும் குடிப்பதும் குறைந்துவிடும். உரம் மட்டும் அப்படியே கிடக்கும்.

ஆகவே செவ்வந்திக்கு முன்பாதியில் தாராளம், பின்பாதியில் சிக்கனம்.

தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே நுனித் துண்டுகளை மணலில் ஊன்றி வேர் பிடிக்க விடுங்கள். தொட்டிக்கு மாற்றிய இரண்டு வாரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். செடிக்குப் பசி மிகுந்த காலம் இதுதான். இப்போது பட்டினி போட்டுவிட்டுப் பின்னால் எவ்வளவு கொட்டினாலும் ஈடாகாது. உரக்கடையில் நீலக் குருணையாக விற்கும் 12-12-17 போதும். எட்டு அங்குலத் தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி, பத்து நாளைக்கு ஒருமுறை, தண்டில் படாமல் ஓரமாகத் தூவுங்கள். மண்ணை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். மழை கறுத்து நிற்கும் மாலையில் போட்டால் சத்தெல்லாம் கால்வாய்க்குத்தான்.

மொட்டு பட்டாணி அளவு வந்ததும் உரத்தைப் பாதியாக்குங்கள். மொட்டில் நிறம் தெரிந்த நாள்முதல் வெறும் தண்ணீர்தான். பூந்தொட்டி வளர்த்து விற்பவர்கள்கூட, வாங்கியவர் வீட்டில் பூ நாள்பட நிற்கவேண்டுமென்று, விற்பனைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே உரத்தை நிறுத்துவதுண்டு.

மொட்டே வரவில்லையா? வாசல் விளக்கைப் பாருங்கள். கேமரன் மலையில் செவ்வந்திக் கூடாரங்கள் இரவில் விளக்கெரிய நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை செடி மொட்டு விடாமல் உயரமாக வளரும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். உங்கள் தொட்டியும் விடிய விடிய விளக்கடியில் நின்றால் எந்த உரமும் மொட்டைக் கொண்டுவராது. இருட்டான பக்கம் நகர்த்தி வையுங்கள். நம் தாழ்நிலச் சூட்டில் மொட்டு சற்றுத் தாமதிக்கும். ஒரு வாரம் கூட்டியே கணக்கிடுங்கள்.

பூ முடிந்தபின் தண்டை அரையடி விட்டு வெட்டி, தொட்டியை மீண்டும் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். புதுத் துளிர் இரண்டு விரற்கடை வளர்ந்த பிறகே மறுபடியும் அந்த அரைத் தேக்கரண்டி.