தையல்கடை மருந்தும் பி.காம். காஸ்டிங்கும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்ன சண்டை.

மகள் பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் தொழில்முனைவு என்று ஒரு பாடம். அதற்காகக் கம்பெனி ஆரம்பிப்பது போல பத்து ஸ்லைடு தயார் செய்திருந்தாள். புற்றுநோயாளியின் மரபணுவைப் பார்த்து, அவருக்குப் பொருந்துகிற சிகிச்சையைக் கொடுக்கும் கம்பெனியாம். துல்லிய மருத்துவம் என்கிறார்கள். ஸ்லைடெல்லாம் அழகாகத்தான் இருந்தது.

"சரிம்மா, இதுக்குப் பணம் யாரு கட்டுவா?" என்று கேட்டேன்.

"அப்பா, உங்களுக்கு எப்பப் பாத்தாலும் பேங்க் புத்திதான்!" லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

பேங்க் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. சில மாதங்களுக்கு முன் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், மும்பை வந்து நாற்பது வருஷம். மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். மூன்று டெபாசிட் ரசீதுகளை மேசையில் வைத்து, "சார், இப்பவே முறிச்சா எவ்வளவு வட்டி போகும்?" என்றார். "அண்ணாச்சி, வட்டி போனாப் போகுது, அசல் போதுமா?" என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். காட்கோபரிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது பவாய் ஐஐடி. அங்கே பேராசிரியர் ராகுல் புர்வாரின் ஆய்வகத்தில் பிறந்த சிகிச்சைதான் நெக்ஸ்கார்19. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல் என்னும் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காட்டும் மரபணுவை அதற்குள் ஏற்றி, பெருக்கி, அதே நோயாளிக்குத் திருப்பிச் செலுத்துகிறார்கள். ஐஐடியின் சைன் என்ற தொழில் வளர்ப்பகம் 2004ல் தொடங்கியது. அதன் நிழலில் 2018ல் இம்யூனோஆக்ட் கம்பெனி உருவானது. 2021 ஜூனில் டாட்டா மெமோரியலின் கார்கர் மையத்தில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4ஆம் தேதி ஜனாதிபதி முர்மு பவாய்க்கே வந்து தொடங்கி வைத்தார்.

இதில் என் பி.காம். மூளைக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காஸ்டிங் பாடத்தில் பிராசஸ் காஸ்டிங், ஜாப் காஸ்டிங் என்று இரண்டு படித்திருப்போம். குரோசின் மாத்திரை பிராசஸ்: லட்சக்கணக்கில் ஒரே மாதிரி. இந்த மருந்து ஜாப்: தாராவி தையல்காரர் அளவெடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி, ஒருவருக்குத் தைத்தது இன்னொருவருக்கு ஆகாது. கிடங்கில் சரக்கு கிடையாது. எங்கள் வங்கி வழக்கப்படி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது! இன்னொன்று. பிராசஸ் கணக்கில் கொஞ்சம் வீணானால் 'நார்மல் லாஸ்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவோம். இங்கே ஒரு பேட்ச் கெட்டால், கெட்டது ஒரு மனுஷரின் வாய்ப்பு. அந்த வரியை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அதனால்தான் இந்தத் துறையில் விலை என்பது கடைசியில் ஒட்டுகிற லேபிள் இல்லை, ஆய்வகத்திலேயே தீர்மானமாகிற விஷயம். அமெரிக்காவில் 2017ல் அனுமதி பெற்ற கிம்ரியாவின் அறிமுக விலை 4,75,000 டாலர். இன்றைய கணக்கில் சுமார் 4 கோடி ரூபாய். பவாய் சிகிச்சை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்றார்கள். மரபணுவை ஏற்றுகிற வைரஸ் ஊர்தியை இறக்குமதி செய்யாமல் இங்கேயே தயாரித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அது விஞ்ஞான முடிவா, வியாபார முடிவா? இரண்டும்தான். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான் நடந்தது.

ஆனால் பத்தில் ஒரு பங்கும் 40 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஆயுஷ்மான் பாரத் கொடுப்பது ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் அண்ணாச்சியின் மூன்று ரசீதுகளும் விழுகின்றன.

எனக்கு ஒரு ஆதங்கம். தொழில்முனைவு என்ற பெயரில் பல கல்லூரிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது முதலீட்டாளர் முன்னால் ஐந்து நிமிஷம் பேசுவது எப்படி என்பதுதான். ஆரம்பப் பணம் ஓரளவு கிடைக்கிறது. மத்திய அரசின் பைராக் அமைப்பே ஒரு யோசனைக்கு 50 லட்சம் வரை தருகிறது. அதற்குப் பிறகு? நோயாளி கட்டுவாரா, இன்ஷூரன்ஸ் கட்டுமா, அரசு கட்டுமா? கிம்ரியா வந்தபோது நோவார்ட்டிஸ் கம்பெனி, சில குழந்தை நோயாளிகளுக்கு ஒரு மாதத்துக்குள் பலன் தெரிந்தால்தான் பணம் என்று ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. கட்டணத்தைத் தவணையாக்கலாமா, பலனோடு முடிச்சுப் போடலாமா என்பதெல்லாம் பாடம்தானே?

"மருத்துவத்தை வியாபாரமாக்கலாமா?" என்று நம்மில் பலர் முகம் சுளிப்போம். நானும் சுளித்தவன்தான். ஆனால் வியாபாரம் தெரியாத கண்டுபிடிப்பு ஆய்வேட்டில் தூங்கும். வியாபாரம் மட்டுமே தெரிந்த கண்டுபிடிப்பு பணக்காரர் வார்டைத் தாண்டாது. என்னைக் கேட்டால், இந்தப் பாடம் எடுக்கிற பிள்ளைகளை முதலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பிட்ச் அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் பிள்ளை பயோடெக் என்றால் "அடுத்து அமெரிக்காவா?" என்றுதான் கேட்கிறோம். "அந்த மருந்து எவ்வளவு ஆகும்?" என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கோபம் வரும், பரவாயில்லை.

நேற்று ராத்திரி மகள் வந்து, "அப்பா, ஜாப் காஸ்டிங்னா என்ன?" என்றாள். பழைய புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்திருக்கிறேன். பதினோராவது ஸ்லைடு போடப் போகிறாளாம்.