ஏழு பேரில் ஒருவன்தான் பாட வேண்டுமா?

நம் தமிழ்ப்பள்ளிக் கபடிக் குழுக்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. களத்தில் எழுவர் நின்றாலும், பாடிச் செல்பவன் ஒருவனே. அவன் மூச்சு வாங்கத் திரும்பியதும் மீண்டும் அவனையே அனுப்புகிறோம். கேட்டால், "செர்டாங் போன்ற தோட்டப்புறங்களில் மாணவர் குறைவு, திறமைசாலி ஒருவன்தான் கிடைக்கிறான்" என்கின்றனர்.

இவ்வாதம் தலைகீழானது. 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளிக்குத்தான் ஒவ்வொரு பிள்ளையும் தேவை. கபடியில் பிடிபட்டவன் வெளியேற வேண்டும். தன் குழு எதிரணியினரை வீழ்த்தினால்தான் திரும்ப வர முடியும். பாடத் தெரிந்த ஒருவனும் வெளியே அமர்ந்துவிட்டால், அவனை மீட்பது யார்?

தமிழ் தலைவாஸ் அணியைப் பாருங்கள். 2017, 2018 ஆகிய இரு பருவங்களிலும் அஜய் தாக்கூர் 200க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகளைக் குவித்தார். அணியோ தன் பிரிவில் கடைசி இடம். 2022இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று விலகினார். புதுமுகம் நரேந்தர் பெரும் சுமையை ஏற்றார். அஜிங்கியா பவார் முதலியோர் தோள் கொடுத்தனர். அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது.

பொறுப்பாசிரியர்களே, குறைந்தது மூவரையாவது பாடப் பழக்குங்கள். தோற்றாலும் பாதகமில்லை. பெற்றோர்களே, "கிண்ணம் வந்ததா?" என்பதோடு நில்லாமல், "எத்தனை பிள்ளைகள் பாடினார்கள்?" என்றும் கேளுங்கள். 12 வயதுவரை ஒருமுறைகூட நடுக்கோட்டைத் தாண்டாத பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் கபடியைத் தேடிப் போவானா?

சிந்திப்போம்.